சுப்பையா மாடியில் வளர்த்தது

சுலோசனாவுக்குப் பூச்சி என்றாலே ஆகாது. பல்லியைப் பார்த்தால் சமையலறையை விட்டு வெளியே வந்துவிடுவாள். கரப்பான் பறந்தால் தெருவுக்கே வந்துவிடுவாள். எட்டுக்கால் பூச்சியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மைசூரில் கும்பாரகொப்பலை ஒட்டிய ஒரு ஊதுவத்திக் கம்பெனியில் வெகு காலமாகப் பேக்கிங் வேலை பார்க்கிறாள். அங்கே ஒருமுறை அட்டைப்பெட்டிக் கட்டுக்குள்ளிருந்து ஒரு சிலந்தி அவள் முழங்கையில் ஏறிவிட்டது. அவள் போட்ட சத்தத்தில், யாரோ மெஷினுக்குள் கையை விட்டுவிட்டார்கள் என்று நினைத்து சூப்பர்வைசர் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டார். ராமாபுரத்தில் காட்டு வேலை செய்கிற குடும்பத்தில் பிறந்தவளுக்கு இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது.

புருஷன் சுப்பையாவுக்கு எதைக் கண்டும் பயமில்லை. ஒரு தனியார் கல்லூரி ஹாஸ்டலில் எலெக்ட்ரீஷியன். அதிகம் பேச மாட்டார். கேட்டால் பதில் வரும், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. வேலை முடிந்து வந்தால் காபி குடித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார். அங்கே தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒரு சின்ன ரூம். பழைய ஃபேன், மோட்டார், ஒயர் என்று அவருடைய சாமான்களெல்லாம் அதற்குள்தான். "ஒயரெல்லாம் பிரிஞ்சு கெடக்குது, நீ உள்ளே வராதே, கரண்ட் அடிச்சுரும்" என்று எப்போதோ சொல்லி வைத்திருந்தார். சுலோசனாவும் போனதில்லை. துணி காயப்போடத் தினமும் மாடிக்குப் போவாள். அந்தப் பச்சைக் கதவைத் தள்ளிப் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. புருஷன் குடிக்கிறவர் இல்லை, சீட்டாடுகிறவர் இல்லை. மாடியில் உட்கார்ந்து மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

போன ஆவணியில் ஒரு திங்கட்கிழமை, ஹாஸ்டலில் ஸ்டூல் மேல் நின்று ஃபேன் மாட்டிக்கொண்டிருந்த சுப்பையாவின் வலது கையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் நழுவியது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த ஹேமந்த்தான், கூட வேலை செய்கிறவன், அவரைத் தாங்கி ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான்.

மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் வலது கையும் காலும் அசையவில்லை. பேச்சு அடியோடு போய்விட்டது. "நாம சொல்றது எல்லாம் அவருக்குப் புரியும். பதில் சொல்லத்தான் வார்த்தை வராது. கொஞ்சம் கொஞ்சமா வரலாம்" என்றார் டாக்டர்.

மறுநாள் காலை கண் விழித்ததிலிருந்து சுப்பையா ஒரே ஒரு காரியத்தைத்தான் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார். நன்றாக இருந்த இடது கையைக் கட்டில் விரிப்பின் மேல் கவிழ்த்து வைப்பார். விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கி மெதுவாக நடக்க விடுவார். அப்புறம் ஆள்காட்டி விரலை நீட்டி மேலே காட்டுவார். சுலோசனாவின் முகத்தையே பார்ப்பார். மறுபடியும் விரல்கள் நடக்கும். மறுபடியும் மேலே காட்டும்.

சுலோசனா மகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வைஷாலி, உங்கப்பா என்ன சொல்றாருன்னு தெரியுதாடி? நடந்து மேலே போறேங்கிறாரு. போய்ச் சேர்றேங்கிறாருடி!"

மகள் வைஷாலி ஜெயலட்சுமிபுரத்தில் ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷன் வேலை பார்க்கிறாள். வீட்டில் தமிழும் வெளியே கன்னடமும் பேசி இரண்டும் ஒன்றாகிப் போனவள். "சும்மனிரும்மா! அப்பா அப்படியெல்லாம் சொல்ல மாட்டார்" என்று அதட்டினாள். அதட்டிவிட்டு அவளும் அழுதாள்.

பக்கத்துக் கட்டிலில் மாமியாரைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த கௌரம்மா எழுந்து வந்து சுலோசனாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "அழபேடம்மா, தேவரித்தாரே" என்று, கடவுள் இருக்கிறார் என்பது போலத் தானும் மேலே கையைக் காட்டினாள். சுப்பையா அதைப் பார்த்துவிட்டுத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். கட்டில் கம்பியை ஓங்கித் தட்டினார். கடைசியில், ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்த துணிகள் இருந்த பையைக் காட்டினார். வைஷாலி பேண்ட்டை எடுத்து பாக்கெட்டைத் துழாவினாள். சாவிக்கொத்து வந்தது. அதில் ஒரு சாவியை அவர் இடது கையால் தடவிப் பிரித்து எடுத்து நீட்டினார்.

"இது மாடி ரூம் சாவியில்ல?" என்றாள் சுலோசனா.

அவர் ஆமாம் என்று தலையாட்டிய வேகத்தில் தலையணை கீழே விழுந்தது.

ஹாஸ்டல் சாமான் ஏதாவது மேலே இருக்கும், திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு தாயும் மகளும் வீட்டுக்கு வந்தார்கள். அந்தப் பச்சைக் கதவை முதல்முறையாகத் திறந்தாள் சுலோசனா. பிரிந்து கிடக்கும் ஒயர் ஒன்றுகூட இல்லை. ஃபேனையும் மோட்டாரையும் ஒரு மூலையில் அடுக்கி, பெருக்கித் துடைத்து வைத்த ரூம். ஓரமாக ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். சுவர் ஓரத்தில் மூடியில் ஓட்டை போட்ட பெரிய பக்கெட். உள்ளே சரசரவென்று ஒரு சத்தம்.

மூடியைத் திறந்தாள். முட்டை அடுக்குகிற அட்டைகள். அட்டையைத் தூக்கினாள். அட்டையின் குழி ஒவ்வொன்றிலும் கரப்பான். குஞ்சும் பெரிசுமாக நூற்றுக்கணக்கில். நடுவில் கேரட் தோல் காய்ந்து கிடந்தது.

அவளுக்குச் சத்தமே வரவில்லை. வாய் திறந்தது, மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. தோட்டத்துக்கு உரம் என்று சொல்லி வாரம் தவறாமல் கேரட் தோலைச் சேர்த்து வாங்கிக்கொண்டு போவாரே! மாடியில் ஒரே ஒரு துளசிச் செடிதான் இருக்கிறது, அதற்கு எவ்வளவு உரம் போடுவார் என்று ஒருநாளாவது யோசித்தோமா? சமையலறையில் ஒரு கரப்பானைக் கண்டால் பூச்சி சாக்பீஸால் கோடு கிழித்து, மருந்து அடித்து, துடைப்பத்தோடு காத்திருந்து கொல்கிறாள். அவள் தலைக்கு மேலேயே அவள் புருஷன் அதையே பண்ணை வைத்து வளர்த்திருக்கிறார்.

"அம்மா, வந்துடும்மா, வெளியே வந்துடு" என்று வைஷாலி அதற்குள் படிக்கட்டு வரை போய்விட்டிருந்தாள்.

சுலோசனா பின்னாலேயே நகர்ந்தாள். அவள் முதுகு ஒரு மேஜையில் இடித்தது. திரும்பினாள். மேஜை மேல் பழைய மீன் தொட்டி ஒன்று, நனைத்துப் போட்டுக் காய்ந்துபோன ஒரு துண்டால் மூடியிருந்தது. துண்டு நழுவியது. தொட்டிக்கு ஜன்னல் கொசுவலையில் சட்டம் அடித்து மூடி. அடியில் ஒரு சாண் உயரத்துக்குத் தென்னை நார்த்தூள். ஒரு மூலையில் குழம்புப் பொடி டப்பாவின் மூடியில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. இன்னொரு மூலையில் பாதி மண்சட்டி கவிழ்த்திருந்தது. பொங்கலுக்கு அவள் போட்டு உடைத்த சட்டி. அதன் வாசலில் யாரோ ஒரு கொத்துத் தேங்காய் நாரை உருட்டி வைத்திருந்தார்கள்.

அந்த நார் ஒரு காலைத் தூக்கியது.

இந்தமுறை சத்தம் வந்தது. தெருக்கோடி வரை கேட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள். கீழே ஓடினாள். சமையலறையில் கரப்பான் மருந்து டப்பாவை எடுத்தாள். மறுபடியும் மேலே ஓடினாள். ஏன் ஓடிவிடாமல் திரும்பிப் போனாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. அது உயிரோடு இருக்கிற வீட்டில் இனிமேல் தூங்க முடியாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. கொசுவலை மேல் டப்பாவை வைத்து, விரலை அழுத்தப் போனாள்.

அதுவும் அவளைப் பார்த்து வெளியே வந்தது. ஆள் கை அகலம் இருந்தது. பழுப்பில் லேசாக ரோஸ் கலந்த மயிர், உடம்பெங்கும். கண்ணாடியில் முன்னங்கால்களை வைத்து, ஒவ்வொரு காலாகத் தூக்கி, அவசரமே இல்லாமல் ஏறியது. முதலில் ஒரு கால். அப்புறம் அடுத்தது. அப்புறம் அடுத்தது.

கட்டில் விரிப்பின் மேல் சுப்பையாவின் விரல்கள் நடந்தது அப்படியேதான்.

டப்பா அவள் கையிலிருந்து விழுந்தது. "வைஷாலி!" என்றாள். "உங்கப்பா மேலே போறேன்னு சொல்லலடி. மேலே இது இருக்குதுன்னு சொல்லியிருக்காரு!" சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு அழுகையாகிவிட்டது. அழுகை கோபமாகிவிட்டது. அந்தக் கோபத்தோடேயே ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினாள்.

அன்று சாயங்காலம் அந்த வார்டில் இருந்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

"ஏனுங்க, அதுங்களா? அந்த எட்டுக்கால் சனியனைத்தான் சொன்னீங்களா?"

சுப்பையா தலையாட்டினார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. நிம்மதியா பயமா என்று தெரியவில்லை.

"எத்தனை வருசமுங்க? ஒண்ணா? ரெண்டா?" அவர் இடது கை விரல்கள் ஐந்தையும் விரித்தார். மூடினார். இன்னொரு விரலை நீட்டினார். "ஆறா! ஆறு வருசமா எந்தலைக்கு மேலே அதை வெச்சுட்டுத்தான் என் கையில சோறு வாங்கித் தின்னீங்களா? நா ஒரு பல்லிக்குப் பயந்தா சிரிப்பீங்களே, அப்பெல்லாம் இதை நெனச்சுத்தான் சிரிச்சீங்களா? உங்களுக்குச் சாவு வந்துருச்சுன்னு நா காலையிலருந்து பச்சைத் தண்ணி குடிக்கலீங்க!"

"ஏனாய்து?" என்று கௌரம்மா கேட்டாள். வைஷாலி நடந்ததைக் கன்னடத்தில் சொன்னாள். கௌரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சுப்பையாவைப் பார்த்தாள். அதற்கப்புறம் அவர் கட்டில் பக்கம் வரும்போதெல்லாம் ஒரு அடி தள்ளியே நடந்தாள்.

சுலோசனா மூச்சு வாங்க நின்றாள். சுப்பையா கையைக் குவித்துத் தன் வாய்க்குக் கொண்டு போனார். அப்புறம் மேலே காட்டினார். அப்புறம் அவளைக் காட்டினார்.

"நானா? அதுக்குத் தீனி நா வெக்கணுமா?"

அவர் கும்பிட முயன்றார். ஒரு கைதான் எழுந்தது.

வாசலில் ஹேமந்த் நின்றிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டான் என்று அவன் முகத்தில் தெரிந்தது. அவனைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போய் விசாரித்தாள் சுலோசனா. அவன் மென்று விழுங்கிச் சொன்னான். ஹாஸ்டலில் வினய் என்று ஒரு பையன் இருந்தானாம். பெங்களூரில் யாரிடமோ வாங்கி அதை ரூமில் ஒளித்து வளர்த்திருக்கிறான். டரான்டுலா என்று பெயராம். வெளிநாட்டு ஜாதியாம். படிப்பு முடிந்ததும் பெட்டி படுக்கையை எடுத்துக்கொண்டு போய்விட்டான், அதை மட்டும் அலமாரியில் விட்டுவிட்டு. ரூமைக் காலி பண்ணப் போனபோது வார்டன் பார்த்து அலறி, ஃபினாயிலை ஊற்றிக் கொன்றுவிடச் சொன்னார்.

"நான் ஃபினாயில் பாட்டிலை எடுத்துட்டு வந்துட்டேன்கா. சுப்பையாண்ணா வாங்கிக் கீழே வெச்சுட்டார். 'அது பாட்டுக்கு உக்காந்திருக்குது. யாரை என்ன பண்ணுச்சு?'ன்னார். அவ்வளவுதான். டிபன் பாக்ஸை காலி பண்ணி அதுல போட்டுட்டுப் போயிட்டார்."

"டிபன் பாக்ஸா?" என்றாள் சுலோசனா. "எந்த டிபன் பாக்ஸ்?"

ஹேமந்த் அவசரமாகப் பேச்சைத் தீனிக்கு மாற்றினான்.

தீனி விஷயத்தை அவன்தான் சொல்லிக் கொடுத்தான். வாரத்துக்கு ஒரு கரப்பான் போதும். அது வீட்டுக் கரப்பான் இல்லை, தனி ஜாதி, வழவழப்பான பக்கெட் சுவரில் ஏறாது. இடுக்கியில் பிடித்துப் போட வேண்டும். தொட்டிக்குள் இருக்கிற டப்பா மூடியில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும். கையால் தொடக்கூடாது. கோபம் வந்தால் பின்னங்காலால் வயிற்று மயிரை உதறிவிடும், பட்டால் நாள் கணக்கில் அரிக்கும். கடித்தால் குளவி கொட்டினது போல வலிக்குமே தவிர உயிருக்கு ஒன்றும் ஆகாது.

"இவ்வளவு தெரியுதில்ல, நீயே வந்து போட்டுடு" என்றாள்.

"அய்யோ, நான் வரமாட்டேன்கா!" என்று ஹேமந்த் இரண்டடி பின்னால் போனான்.

ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஏதாவது புதரில் கொட்டிவிடலாம் என்றாள் வைஷாலி. சுலோசனாவுக்கும் அதுதான் ஆசை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அந்த மனுஷன் முதலில் விரல்களை நடக்கவிட்டுத்தான் அவள் முகத்தைப் பார்த்தார். சாப்பாடு, மருந்து, வலி எல்லாம் அதற்கப்புறம்தான். "அவர் வீட்டுக்கு வரட்டும். வந்தப்பறம் அவரே ஒரு வழி பண்ணட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

முதல் தடவை தீனி போட்ட நாளை அவள் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கச் சொல்வாள். மழைக்குப் போடுகிற கோட்டை மாட்டிக்கொண்டாள். கையில் பாத்திரம் தேய்க்கிற ரப்பர் உறை. தோசைக்கல் பிடிக்கிற இடுக்கியை இதற்கென்று ஒதுக்கிவிட்டாள், இனி அது சமையலறைக்குள் வராது. பாதி கண்ணை மூடிக்கொண்டு ஒரு கரப்பானைப் பிடித்து, கொசுவலை மூடியை விரல் அகலம் நகர்த்தி உள்ளே விட்டாள். எட்டுக்கால் பூச்சி அசையாமல் இருந்தது. கரப்பான் ஓடியது. நின்றது. மீசையை ஆட்டியது.

அப்புறம் கரப்பான் இல்லை.

நடந்தது எதையும் அவள் பார்க்கவில்லை. பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தது, கண் இமைப்பதற்குள் வேறு இடத்தில் இருந்தது, வாயில் கரப்பான் இருந்தது. இடுக்கியைப் போட்டுவிட்டு வெளியே வந்து தண்ணீர்த் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு வேகமாகப் போகத் தெரிந்த ஒன்று, ஆறு வருஷமாக எங்கேயும் போகாமல் அந்தத் தொட்டிக்குள் இருந்திருக்கிறது. அது அவளை இன்னும் கலக்கியது.

இரண்டாம் தடவை கோட்டுப் போடவில்லை. மூன்றாம் தடவை ஓரமாக இருந்த ஸ்டூலில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்த்தாள். அது கவிழ்ந்த சட்டிக்குள் போய்த் திரும்பி உட்கார்ந்துகொண்டது. பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. இருட்டில் ஒரு படி இறங்கத் தெரிந்துகொண்டது போல, அவ்வளவுதான்.

நான்காம் வாரம் அது தின்னவில்லை. போட்ட கரப்பான் அதன் முதுகு மேலேயே ஏறி இறங்கியது. அது நகர்ந்து உட்கார்ந்ததே தவிரப் பிடிக்கவில்லை. வயிற்றில் மயிர் உதிர்ந்த இடம் கறுத்துப் போயிருந்தது. சுலோசனா கரப்பானை எடுத்துவிட்டு, மறுநாள் வேறு ஒன்று போட்டாள். அதையும் தொடவில்லை. கம்பெனியில் ஊதுவத்தி எண்ணி அடுக்கும்போதுகூட அது ஏன் தின்னவில்லை என்று யோசித்தாள். "புருஷனை நெனச்சு வாடறா" என்று பக்கத்தில் இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

சுப்பையாவை டிஸ்சார்ஜ் செய்கிற நாள் வந்தது. காலையில் தண்ணீர் மாற்ற மேலே போனாள்.

தொட்டிக்குள் அது மல்லாந்து கிடந்தது. எட்டுக் காலும் மேலே, லேசாக மடங்கி. அசைவில்லை.

கண்ணாடியைத் தட்டினாள். இல்லை. இன்னும் ஓங்கித் தட்டினாள். இல்லை. எதைக் கொல்லத்தான் முதல் நாள் மருந்து டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாளோ, அது செத்துக் கிடக்கிறது. இப்போது ஏன் இப்படிக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள்? தன் மேலிருந்த ஊதுவத்தி வாசனை ஒத்துக்கொள்ளவில்லையோ? கம்பெனியிலிருந்து வந்த கையோடு, கழுவாமல் தண்ணீர் ஊற்றினோமோ? ஆறு வருஷம் அவர் வைத்துக் காப்பாற்றியதை ஒரு மாதத்தில் கொன்றுவிட்டோமே என்று நினைத்தாள். அதை இடுக்கியால் எடுக்க மனம் வரவில்லை. துண்டால் மூடிவிட்டுக் கீழே வந்து, யாரிடமும் சொல்லாமல் அரிசி களைந்தாள்.

மத்தியானம் ஆட்டோ வந்தது. ஹேமந்த்தும் வைஷாலியும் இரண்டு பக்கமும் பிடித்து சுப்பையாவைக் கட்டிலில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அவர் இடுப்பு கட்டிலில் பட்டதோ இல்லையோ, இடது கை விரிப்பின் மேல் நடந்தது. சுலோசனாவைப் பார்த்தார்.

"நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள். அவர் முகத்தைப் பார்க்காமல் தலையணையைத் தட்டிப் போட்டாள்.

அவர் தன் கண்ணைக் காட்டினார். பார்க்க வேண்டுமாம்.

"அப்பாவால மாடி ஏற முடியாது. நான் போய் வீடியோ எடுத்துட்டு வரேன்" என்று வைஷாலி போனைத் தூக்கினாள்.

"நீ போகாதே!" என்று சுலோசனா கத்தின கத்தலில் ஹேமந்த் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். "நா போறேன். அந்தப் போனைக் குடு."

படி ஏறும்போதே என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டு போனாள். மண்ணுக்குள் புதைந்துகொண்டது, வெளியே வரவில்லை என்று சொல்லலாம். கொஞ்ச நாள் கழித்து, உடம்பு தேறினதும் உண்மையைச் சொல்லலாம். ரூமுக்குள் போய், புதைப்பதற்கு எடுத்துவிடலாம் என்று துண்டை விலக்கினாள்.

உள்ளே இரண்டு இருந்தன.

ஒன்று காலையில் இருந்த இடத்திலேயே கிடந்தது. இன்னொன்று அதற்குப் பக்கத்தில் நின்றிருந்தது. அதே உருவம், அதே எட்டுக்கால். ஆனால் முன்பைவிடப் பெரிது, இப்போதுதான் குளித்து வந்தது போலப் பளபளவென்று புது நிறம். அது ஒரு காலை நீட்டி மடக்கிப் பார்த்தது.

"ஐயோ! ரெண்டாயிருச்சு! குட்டி போட்டுருச்சு! அம்மா உசரத்துக்குக் குட்டி போட்டுருச்சுங்க!" என்று கத்திக்கொண்டே படியிறங்கி வந்தாள் சுலோசனா. "காலையில செத்துக் கெடந்துச்சுங்க, நா உங்ககிட்டச் சொல்லல, இப்போ பக்கத்துல இன்னொண்ணு வந்து நிக்குதுங்க!"

ஹேமந்த் வாசலுக்குப் போய்விட்டான். சுப்பையா அவளையே பார்த்தார். அவருடைய வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே ஏறியது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. விழுந்த நாளிலிருந்து அவரிடமிருந்து அப்படி ஒரு சத்தம் அவள் கேட்டதில்லை. அது சிரிப்பு என்று புரியவே அவளுக்குச் சற்று நேரமாயிற்று. அவர் இடது கையால் தன் சட்டைக் காலரைப் பிடித்துத் தலை வழியாக இழுத்துக் காட்டினார். மறுபடியும் இழுத்துக் காட்டினார்.

"சட்டையா?" என்றாள். "சட்டை உரிச்சிருக்குதா? பாம்பாட்டமா?"

ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

வைஷாலி மேலே போய் வீடியோ எடுத்து வந்தாள். உரித்துப் போட்ட தோல்தான். கால் நுனி வரைக்கும், மயிர் உட்பட, ஒரு துளி கிழியாமல் கழற்றி வைத்திருந்தது. சுப்பையா போனை மூக்கருகே வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தார். தீனி வேண்டாம், தண்ணீர் மட்டும் போதும், தொட்டியை அசைக்க வேண்டாம் என்று கையாலேயே விவரமாகச் சொன்னார். வைஷாலி போனில் எதையோ தேடிப் படித்துவிட்டு, "அம்மா, இது பொட்டை போலிருக்கு. பொட்டைன்னா இருபது வருஷத்துக்கு மேலே உயிரோட இருக்குமாம்" என்றாள்.

சுலோசனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "இருபதா?" என்றாள். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் பேச்சு வராதவர்கள் இரண்டு பேர்.

மழைக்காலம் போய்க் குளிர் வந்தது. சுப்பையா கைத்தடி பிடித்து வாசல் வரை நடக்கத் தொடங்கினார். ஹாஸ்டல் வேலையை விட்டாயிற்று. வாரத்தில் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்கு சுலோசனா கூட்டிக்கொண்டு போவாள். சொல்லிக் கொடுக்கிற பெண் மேகனா சின்ன வயசு. வாழைப்பழம், பஸ், குடை என்று படம் படமாகக் காட்டுவாள். சுப்பையா ஒன்றுக்கும் வாயைத் திறக்க மாட்டார். "அவருக்கு எது மேலே பிரியம்? அதைப் பற்றிப் பேச ஆரம்பிக்கலாம்" என்று அவள் ஒருநாள் கேட்டாள். சுலோசனா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள். மேகனா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நிஜமாகவா?" என்று இரண்டு தடவை கேட்டாள். அடுத்த முறை ஒரு சிலந்திப் படத்தை ஒட்டிக்கொண்டு வந்தாள். சுப்பையா அதைப் பார்த்தார். உதடு துடித்தது. "ஜே...டா" என்றார். கன்னடத்தில் சிலந்திக்கு அதுதான் பெயர்.

மேகனா கை தட்டினாள். சுலோசனாவுக்குச் சந்தோஷமும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. தன் பெயரை அவர் வாயால் கேட்டு எத்தனை மாதமாகிறது!

அவள் பெயர் அவர் வாயில் வரத் தை மாதம் ஆயிற்று. அப்புறம் ஒன்றிரண்டாக வார்த்தைகள் வந்தன. தொட்டியை இப்போது மாடியிலிருந்து இறக்கி, கட்டில் இருக்கிற ரூமில் ஜன்னலோரம் வைத்திருக்கிறார்கள். தூக்கி வந்தவள் சுலோசனாதான். கரப்பான் பக்கெட் மட்டும் மேலேயே இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவள் இடுக்கியால் கரப்பானை உள்ளே விட்டாள். அது பாய்ந்து பிடித்தது. இன்னமும் அவளுக்கு உடம்பு ஒருமுறை தூக்கிப்போடத்தான் செய்கிறது. மூடியை அழுத்திவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். ஆஸ்பத்திரியில் அத்தனை பேர் முன்னால் என்னென்னவோ கேட்டாளே தவிர, கேட்க நினைத்த கேள்வி உள்ளேயே கிடந்தது.

"ஏனுங்க, இத்தனை வருசத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு உங்களுக்குத் தோணவே இல்லீங்களா?"

சுப்பையா வெகுநேரம் வார்த்தையைத் தேடினார். நெற்றி சுருங்கியது. இடது கை முழங்காலைத் தட்டிக்கொண்டே இருந்தது. அவள் குறுக்கே எடுத்துக் கொடுக்காமல் காத்திருந்தாள். பயிற்சியில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

"சொ...ன்னா," என்றார். "அ...டிச்சிருப்பே."

அவள் அவரையே பார்த்தாள். மறுக்க வாயெடுத்தாள். முடியவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறியிருப்பாள். இவர் கால் பிடித்துக் கெஞ்சியிருந்தாலும் விட்டிருக்க மாட்டாள்.

"ஆமாங்க," என்றாள். "அடிச்சுத்தான் இருப்பேன்."

தொட்டிக்குள் டப்பா மூடியில் தண்ணீர் குறைந்திருந்தது. செம்பை எடுத்துக்கொண்டு ஊற்றப் போனாள்.